பி செல்லின் பொது அடையாளம்

1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உருவாக்க வழி கண்டார்கள். ஸ்டான்போர்டில் ரொனால்ட் லெவி அந்த முறையை லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பினார். 1981-இல் அவர் சிகிச்சை அளித்த முதல் நோயாளியின் கட்டிகள் கரைந்தன. ஆனால் அந்த மருந்து அவருடைய கட்டிக்கே உரிய அடையாளத்தைப் பற்றுவது; அதனால் அவர் ஒருவருக்கே பொருந்தும். அடுத்தவருக்கு மாதக்கணக்கில் உழைத்துப் புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

பொது அடையாளம் பாஸ்டனில் கிடைத்தது. 1980-இல் லீ நாட்லர் உள்ளிட்டோர் விவரித்த பி1 எதிர்ப்பொருள், பி செல் எனும் வெள்ளணுக்களில் தோன்றும் பலருடைய புற்றுநோய்களிலும் ஒரே புரதத்தைப் பற்றிக்கொண்டது. பின்னாளில் அந்தப் புரதத்துக்கு சிடி20 என்று பெயர் வந்தது.

அந்தப் புரதம் இருக்கும் இடம்தான் பெரும் வரம். முதிர்ந்த பி செல்களின் மேற்பரப்பில் உண்டு. ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் தண்டுச் செல்களில் இல்லை. அதனால் சிகிச்சையில் நல்ல பி செல்கள் அழிந்தாலும், சில மாதங்களில் மீண்டும் உருவாகும்.

ஆனால் இந்த எதிர்ப்பொருள்கள் எலியிலிருந்து வந்தவை; அவற்றை நோயாளியின் உடல் அந்நியமாகக் கருதி எதிர்த்தது. எனவே பற்றும் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மனிதப் புரதமாக்கினார்கள். அப்படிப் பிறந்த ரிடுக்சிமாப், 1997 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.