அனுப்பப்பட்டோரும் அனுப்பியோரும்: திருநெல்வேலித் திருச்சபை மறைபணியாளரை அனுப்பத் தொடங்கிய வரலாறு

முன்னுரை

கிறித்தவ சமய வரலாற்றில் ஒரு சபை தன் உறுப்பினரைத் தேர்ந்து, பிற நாட்டிற்கு மறைபணிக்கென அனுப்பிய செய்தி முதன்முதலில் விரிவாகக் கூறப்படுவது அந்தியோகியா நகரைக் குறித்தேயாகும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரச் சபை நோன்பிருந்து, வேண்டுதல் செய்து, பர்னபா, பவுல் ஆகிய இருவர்மீதும் கைகளை வைத்து அனுப்பியதை 'அப்போஸ்தலருடைய நடபடிகள்' என்னும் விவிலிய நூலின் 13-ஆம் அதிகாரம் விவரிக்கின்றது. பிற இடத்தாரால் சமயம் அறிவிக்கப்பெற்ற ஒரு சபை, தானே அனுப்பும் சபையாக மாறிய நிகழ்ச்சி இது.

தமிழகத்தில் இத்தகைய மாற்றம் எப்போது, எவ்வாறு நிகழ்ந்தது என்னும் வினாவிற்குப் பொதுவாக 1903 என்னும் ஆண்டே விடையாகத் தரப்படுகின்றது. பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிய ஆண்டு அது. ஆயினும் அதற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்பிருந்தே தமிழர் சமயப் பணிக்காக ஊர்விட்டு ஊர் சென்றுள்ளனர். எனவே 'செல்லுதல்' வேறு, 'அனுப்புதல்' வேறு எனப் பிரித்துணர்தல் இன்றியமையாததாகின்றது. பணியாளரைத் தேர்ந்தெடுத்தவர் யார், அவருக்குப் பொருள் வழங்கியவர் யார், அவரது பணியை நெறிப்படுத்தியவர் யார் என்னும் மூன்று வினாக்களின் அடிப்படையில் அம்மாற்றத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாட்சி தரும் சான்று

சமயப் பணியாளரைக் குறிக்கத் தமிழ்ச் சபைகளில் வழங்கிய சொற்கள் இவ்வரலாற்றிற்குத் துணைச்சான்றாக அமைகின்றன. 'உபதேசியார்' என்பது குருப்பட்டம் பெறாத உள்ளூர்ப் போதகரைக் குறித்தது. 'ஐயர்' என்பது குருப்பட்டம் பெற்றவரைக் குறித்தது. ஐரோப்பியக் குருமாரிலிருந்து வேறுபடுத்த, தமிழ்க் குருவை 'நாட்டையர்' என்றனர். 'மிஷனெரி' என்னும் சொல்லோ நெடுங்காலம் கடல் கடந்து வந்த ஐரோப்பியரையே சுட்டிற்று. அச்சொல்லுக்கு 'அனுப்பப்பட்டவர்' என்பதே வேர்ப்பொருள். உள்ளூரார் எத்துணைத் தொலைவு சென்று பணிபுரிந்தாலும் அவர் உபதேசியாரே. அவரை அனுப்பும் தகுதியுடைய ஒரு சபை உள்நாட்டில் உண்டு என்னும் எண்ணம் உருப்பெறாத காலத்தை இச்சொல்வழக்குப் புலப்படுத்துகின்றது எனலாம்.

தரங்கம்பாடியும் தஞ்சையும்

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்சோ ஆகிய இருவரும் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1733 டிசம்பர் 28-இல் ஆரோன் என்னும் தமிழர் அங்குக் குருப்பட்டம் பெற்றார். இந்தியச் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் நாட்டையர் இவரே. இவரைத் தேர்ந்தவர்களும் இவருக்கு ஊதியம் வழங்கியவர்களும் ஐரோப்பிய மறைபணியாளரே.

திருநெல்வேலிச் சபையின் தோற்றத்திலும் இந்நிலையே தொடர்ந்தது. தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பார்ப்பன மரபினரான கிளாரிந்தா என்னும் கைம்பெண், 1778-இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய முயற்சியால் எழுந்த கோயில் 1785-இல் படைக்கப்பெற்றது. 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என மக்கள் அதனை வழங்கினர். 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டின்படி அச்சபையார் ஏறத்தாழ நாற்பதின்மரே. தங்களுக்குப் போதகர் வேண்டுமெனத் தஞ்சையை வேண்டி நின்றது அச்சிறு சபை. அவ்வேண்டுகோளின் பயனாக வந்தவர்களுள் முதன்மையானவர் சத்தியநாதன். இவர் 1790 டிசம்பர் 26-இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். அந்நாளில் அவர் தமிழில் நிகழ்த்திய அருளுரை ஆங்கிலமாக்கப்பட்டு, 1792-இல் இலண்டனில் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தால் வெளியிடப்பெற்றது. தமிழர் ஒருவரைத் தமிழர் வாழும் மற்றொரு பகுதிக்குப் போதகராக அனுப்பியமைக்கு இது தொடக்ககாலச் சான்று. ஆயினும் இவருக்குப் பொருளுதவி செய்தது இலண்டன் கழகம். நெறிப்படுத்தியவர் சுவார்ட்சு. சென்றவர் தமிழர், அனுப்பியோர் பிறர்.

இதே காலத்தில் மற்றொரு போக்கும் காணப்படுகின்றது. சாத்தான்குளம் பகுதியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் தஞ்சையில் சத்தியநாதனின் தொடர்பால் கிறித்தவரானார். பின்னர்த் தம் ஊர்ப்பக்கம் திரும்பித் தம் உறவினரிடையே சமயத்தைப் பரப்பினார். 1799-இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பு உருவாவதற்கு இவரது பணியே வழிவகுத்தது. உறவுமுறையே இங்குப் பரவலின் பாதையாயிற்று.

பெங்களூர்த் தண்டு

ஆங்கிலேயப் படை சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டு, 1809-ஆம் ஆண்டளவில் அங்குப் பாளையம் அமைந்தபோது, படையுடன் தமிழரும் திரளாகச் சென்றனர். சிப்பாய்கள், பணியாளர்கள், வணிகர்கள் எனப் பலவகையினர் அவருள் இருந்தனர். 'தண்டு' என வழங்கிய அப்பகுதியின் சந்தையும் குடியிருப்பும் அமைந்த பிளாக்பள்ளியே இன்றைய சிவாஜிநகர். கன்னட நாட்டின் நடுவே தமிழ் வழிபாட்டுச் சபைகள் தோன்றியமைக்கு இப்பெயர்வே காரணமாகும்.

கொல்லத்தில் 1787-இல் பிறந்த சாமுவேல் பிளேவல் என்னும் தமிழர், 1820-களில் பெங்களூரில் இலண்டன் மிஷன் சார்ந்த தமிழ்ச் சபையின் போதகராக விளங்கினார். பின்னர்ப் பெல்லாரிக்குச் சென்று, 1847-இல் இறக்கும்வரை பணியாற்றினார். மொழி எல்லையைக் கடந்து பணிபுரிந்த தமிழ்ப் போதகர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர். எனினும் பிழைப்பு நாடிப் பெயர்ந்த மக்களைச் சபையும் போதகரும் பின்தொடர்ந்து சென்ற நிலையே இங்கு மேலோங்கி நிற்கின்றது. தாய்ச்சபை ஒன்று திட்டமிட்டு அனுப்பிய நிலை இதுவன்று.

1850-களின் நடுப்பகுதியில் இலங்கைக் கண்டிப் பகுதியின் காப்பித் தோட்டங்களுக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் சென்றதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பெயர்ந்து சென்ற தமிழரைத் தமிழ்ப் போதகர் தொடர்ந்தனர்.

வட திருநெல்வேலி: காணிக்கையும் முறைவைப்பும்

அனுப்புதலின் தெளிவான முதற்கூறு 1854-இல் தொடங்கிய வட திருநெல்வேலிப் பயணப் பணியில் காணப்படுகின்றது. இராக்லாந்து, பென், மெடோஸ் ஆகிய ஆங்கிலேயர் மூவர் கூடாரங்களில் தங்கி ஊர்தோறும் சென்று பணியாற்றினர். இராக்லாந்து 1858-இல் சிவகாசியில் மறைந்தார். இப்பணிக்குத் தென் திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பின. அவர்களுக்கான செலவைச் சபையாரே காணிக்கையாகத் தந்தனர்.

இம்மாற்றம் நுணுகி நோக்கத்தக்கது. மேற்கூறிய மூன்று வினாக்களுள் இரண்டிற்கு விடை இப்போது மாறிவிட்டது. ஆளைத் தந்ததும் பொருளைத் தந்ததும் உள்ளூர்ச் சபை. நெறிப்படுத்தும் உரிமை மட்டும் ஐரோப்பியரிடமே இருந்தது. பனைத்தொழிலையும் சிறு வேளாண்மையையும் நம்பி வாழ்ந்த மக்கள் நிறைந்த சபைகள் இவை. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கை, விளைபொருளைப் படைத்து ஏலமிடும் தோத்திரப் பண்டிகை முதலிய வழக்கங்கள், ரொக்கப் பணம் அரிதாயிருந்த குடும்பங்களும் கொடுப்போராக வாய்ப்பளித்தன. பின்னர் உருவான சங்கத்திற்குத் தேவையான கொடைப்பழக்கம் இவ்வாறு படிப்படியாக வேரூன்றியது எனக் கொள்ளலாம்.

1877-இல் சார்ஜெண்டும், தமிழாய்வாளர் நன்கறிந்த கால்டுவெல்லும் துணைப் பேராயர்களாகத் திருநிலைப்படுத்தப்பெற்றனர். முன்னவர் திருச்சபை மிஷனெரி சங்கத்தையும், பின்னவர் நற்செய்தி பரப்புக் கழகத்தையும் சார்ந்தவர். ஒரே மாவட்டத்துத் தமிழ்ச் சபைகள் இரு ஆங்கிலச் சங்கங்களின் கீழ்ப் பிரிந்திருந்த நிலையை இது காட்டுகின்றது. 1896-இல் திருநெல்வேலி தனிப் பேராயமாயிற்று. சபைகள் பெருகின, பள்ளிகள் பெருகின, குருமார் பெருகினர். ஆயினும் எல்லைக்கு அப்பால் தன் பொறுப்பில் ஒருவரை அனுப்பும் எண்ணம் தோன்றவில்லை.

யாழ்ப்பாணம் தந்த வினா

அவ்வெண்ணத்தைத் தூண்டியது மற்றொரு தமிழ்ச் சமூகம் என்பது குறிப்பிடத்தக்கது. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்டு 17-இல் வெள்ளாளன்விளையில் ஒரு சிற்றூர்க் குருவின் மகனாகப் பிறந்தவர். 1895 முதல் கிறித்தவ இளைஞர் சங்கத்தில் பணியாற்றிய இவர், 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். எண்ணிக்கையில் சிறிய யாழ்ப்பாணத் தமிழ்ச் சபையினர், தம் மாணவர் அமைப்பின் வழியே, கடல் கடந்து இராமநாதபுரம் பகுதியிலுள்ள தொண்டிக்குப் பணியாளரை அனுப்பி ஆதரித்து வந்தனர். தமிழகத்திற்கே இலங்கைத் தமிழர் மறைபணியாளரை அனுப்புகையில், அவரினும் பன்மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை என்ன செய்கின்றது என்னும் வினா அசரியாவின் உள்ளத்தில் எழுந்தது.

ஊர் திரும்பிய அவரும் அவர்தம் நண்பர்களும் மேற்கொண்ட முயற்சியால் 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டது. அசரியா அதன் செயலரானார். இந்திய ஆள், இந்தியப் பொருள், இந்திய ஆளுகை என்பன அதன் அடிப்படைக் கொள்கைகளாயின. இம்மூன்றும் இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட மூன்று வினாக்களுக்கும் நேர்விடையாக அமைவதைக் காணலாம். வட திருநெல்வேலிப் பணியில் எஞ்சி நின்ற நெறிப்படுத்தும் உரிமையும் இங்குச் சபையாரிடம் வந்து சேர்ந்தது. இரு ஆங்கிலச் சங்கங்களின் கீழ்ப் பிரிந்திருந்த சபையார் ஒரே பணிக்காக ஒன்றுகூடவும் இது வழிசெய்தது. 1905 டிசம்பர் 25-இல் சேரம்பூரில் தோன்றிய தேசிய மிஷனெரி சங்கமும் இக்கொள்கைகளையே மேற்கொண்டது. அதன் உருவாக்கத்திலும் அசரியாவுக்குப் பங்குண்டு.

தோர்ணக்கல்: அனுப்பியோருக்கு ஏற்பட்ட சோதனை

சங்கம் தேர்ந்த களம் நிசாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் பகுதி. அதன் முதல் மறைபணியாளராகச் சாமுவேல் பாக்கியநாதன் 1904-இல் அங்குச் சென்றார். பெங்களூருக்கும் கண்டிக்கும் சென்றோர் பெயர்ந்து வாழ்ந்த தமிழரிடையே தமிழில் பணிபுரிய முடிந்தது. தோர்ணக்கல்லில் அவ்வாய்ப்பு இல்லை. அங்கு மொழி தெலுங்கு. கிறித்தவத்தைத் தழுவியோருள் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். தமிழ்ப் பணியாளர் அங்கே மொழியாலும் சமூகத்தாலும் அயலவர். முன்பு ஐரோப்பியர் நின்ற இடத்தில் இப்போது தமிழர் நின்றனர். தம்மீது பிறர் செலுத்திய மேலாண்மையைத் தாமும் பிறர்மீது செலுத்துவரோ என்பதே சங்கம் எதிர்கொண்ட உண்மையான சோதனை.

செயலராக இருந்து பிறரை அனுப்பிய அசரியா, 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே மனைவி அன்புவுடன் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். தெலுங்கைக் கற்றுப் பணியாற்றினார். 1910-இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மறைபணி மாநாட்டில், ஐரோப்பிய மறைபணியாளர் இந்தியரை நண்பராகக் கருதிப் பழகாத குறையை அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார். அவ்வாறு உரைத்தவர், தெலுங்கு மக்களிடையே தாம் எவ்வாறு ஒழுகுகின்றார் என்னும் வினாவையும் எதிர்கொள்ள வேண்டியவரானார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் தோர்ணக்கல்லின் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பெற்று, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

உள்ளூர்க் குருமாரையும் ஊர்ப் போதகரையும் உருவாக்குவதிலேயே அவர் பெரிதும் கருத்தூன்றினார். 1939 ஜனவரி 6-இல் படைக்கப்பெற்ற தோர்ணக்கல் பேராலயம் இந்தியக் கட்டடக் கலைக்கூறுகளைத் தழுவி அமைந்தது. இப்பணிக்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. 1930-களில் ஒடுக்கப்பட்டோர் திரளாகச் சமயம் மாறுவது குறித்துக் காந்தியடிகள் கடும் ஐயங்களை எழுப்பினார். அயலார் தூண்டுதலே சமயமாற்றத்திற்குக் காரணம் என்னும் குற்றச்சாட்டிற்கு, அனுப்பியோரும் இந்தியரே என்னும் உண்மை ஒரு பகுதி விடையாயிற்று. முழு விடையாகவில்லை. அசரியா 1945 ஜனவரி 1-இல் மறைந்தார். அவர் பெரிதும் உழைத்த திருச்சபை ஒன்றிப்பு, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையாக வடிவம் பெற்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால், திருநெல்வேலித் திருச்சபை அனுப்பும் சபையாக மாறியது 1778-க்கும் 1903-க்கும் இடைப்பட்ட நூற்று இருபத்தைந்து ஆண்டுகளில் படிப்படியாக நிகழ்ந்தது என்பது தெளிவாகின்றது. சத்தியநாதனின் காலத்தில் ஆள் மட்டும் தமிழர். வட திருநெல்வேலிப் பணியில் ஆளும் பொருளும் உள்ளூர்ச் சபையுடையன. 1903-இல் ஆளுகையும் அதனுடன் சேர்ந்தது. சிப்பாய்களையும் தோட்டத் தொழிலாளரையும் தொடர்ந்து சென்ற போதகர்கள் இவ்வளர்ச்சிக்கு இணையாக ஓடிய மற்றொரு மரபினர்.

சங்கத்தின் வரலாற்றில் நிறுவனர்களின் பெயர்கள் நிலைத்துள்ளன. பிடியரிசி எடுத்து வைத்த பெண்களின் பெயர்களும், முறைவைத்து வடக்கே சென்று திரும்பிய உபதேசியார்களின் பெயர்களும் அவ்வாறு நிலைக்கவில்லை. அனுப்பியோர் யார் என்னும் வினாவிற்கு முழுமையான விடை அவர்களையும் உள்ளடக்கியதாகவே இருத்தல் வேண்டும். ஊர்ச்சபைகளின் பதிவேடுகளும் காணிக்கைக் கணக்குகளும் தமிழ்ச் சமூக வரலாற்று ஆவணங்களாகக் கருதப்பட்டு ஆராயப்படின், இவ்வரலாற்றின் மறுபாதி வெளிப்படும்.