திருப்பி அனுப்பிய சரக்கு: இழப்புப் பொறுப்பு

இணையவழியில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும்போது, அது விற்றவரிடம் போய்ச் சேராமல் வழியில் தொலைந்தால் நட்டம் யாரைச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் சட்ட நெறி இது. இந்தியாவிலும் மியான்மரிலும் இதன் அடிப்படை ஒன்றே: 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா (இன்றைய மியான்மர்), பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாக இருந்ததால் இவை அங்கும் செல்லுபடியாயின. பிறகு பர்மா சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றன.

இந்நெறியில் சரக்கு ஏற்றுபவரின் பொறுப்பு பற்றிய மிக முக்கியமான தீர்ப்பு ரங்கூனிலிருந்தே (இன்றைய யாங்கோன்) எழுந்தது. 1865இல் தொடங்கப்பட்ட ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் நீராவிப் படகுகள் பர்மாவின் ஆற்று வணிகத்தைச் சுமந்தன. அக்கம்பெனி ஏற்றிச் சென்ற சரக்கு தீயில் அழிய, பகவான்தாஸ் என்ற வணிகர் இழப்பீடு கேட்டார். தான் கவனமாகவே நடந்துகொண்டதாகக் காட்டினால் கம்பெனி தப்பலாமா என்பதே கேள்வி. ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152ஆம் பிரிவுகளின்படி, பிறர் பொருளை ஒப்படைப்பாகப் பெற்றவர் சாதாரண விவேகமுள்ளவர் காட்டும் கவனத்தைக் காட்டினால் போதும். பம்பாய் உயர் நீதிமன்றம் இதையே பொதுச் சரக்கேற்றிகளுக்கும் பொருத்தியது, கல்கத்தா மறுத்தது. 1891இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் கல்கத்தாவின் பக்கம் நின்றது. ஊரார் எல்லோரிடமும் கூலிக்குச் சரக்கு ஏற்றுபவர், இயற்கைச் சீற்றமோ எதிரிப் படையோ காரணமாகாத வரை, சரக்குக்கு முழுப் பொறுப்பாளி என்றாயிற்று. ஏற்றியவரிடம் தவறு இருந்ததென்று சரக்குக்காரர் நிரூபிக்கத் தேவையில்லை என்பதை 1865ஆம் ஆண்டின் சரக்கேற்றிகள் சட்டம் ஏற்கெனவே வகுத்திருந்தது. கிடங்குக்குள்ளும் படகுக்குள்ளும் நடந்ததைச் சரக்குக்காரர் எப்படி அறிவார்? நியாயமான விதிதான்.

ரயிலுக்கு அன்று வேறு அளவுகோல். 1890ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் ரயில்வேயை ஒப்படைப்புப் பெற்றவர் அளவுக்கே பொறுப்பாக்கியது. ரங்கூனில் ஹ்லைங் ஆற்றங்கரையிலுள்ள, ஆங்கிலேயர் கெம்மண்டைன் என்று எழுதிய க்யிம்யிண்டைங்கில் ஆறும் உண்டு, 1877இல் வந்த புரோம் ரயில் பாதையும் உண்டு. ஒரே மூட்டை படகில் தொலைந்தால் ஒரு சட்டம், ரயிலில் தொலைந்தால் இன்னொன்று.

திருப்பி அனுப்புதலில் கவனிக்க வேண்டியது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. ஏற்க மறுக்கும் உரிமை உள்ள இடத்தில், உதாரணமாகக் கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்றால், வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்லர். 'எனக்கு வேண்டாம்' என்று தெரிவித்தாலே போதும், வேறு உடன்பாடு இல்லாதவரை. 26ஆம் பிரிவின்படி நட்ட அபாயம் பொருளின் சொத்துரிமையைத் தொடர்கிறது. எனவே குறையுள்ள பொருள் திரும்பும் வழியில் தொலைந்தால் நட்டம் விற்றவருடையது. நிறம் பிடிக்கவில்லை என்று அனுப்பும்போது, விற்பனை நிபந்தனைகளையும் கூரியரை ஏற்பாடு செய்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்குத் தடையுள்ள யாங்கோனில் கூரியர் பையன் பெரும்பாலும் மிதிவண்டியில் வருகிறான். பொட்டலத்தை வாங்குகிறான், கைபேசியால் பட்டைக்கோட்டைப் படிக்கிறான், போய்விடுகிறான். அவன் விற்றவர் அனுப்பிய ஆள் என்றால், வாசலில் கைமாறிய அந்த நொடியில் பொருள் விற்றவரிடம் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். கிடங்கில் 'வரவில்லை' என்று பதிவாவது விற்றவருக்கும் கூரியருக்கும் இடையிலான கணக்கு. அதைக் காட்டிப் பணத்தை நிறுத்தி வைப்பது முறையல்ல. குறையில்லாத பொருளை வாங்கியவர் தானே தேர்ந்த கூரியரில் அனுப்பினால், பொருள் போய்ச் சேரும்வரை அபாயம் அவருடையது. இரு நிலையிலும் வழக்கைத் தாங்குவது ரசீது எண்ணும் பொட்டலத்தின் படமும்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறை, மனம் மாறித் திருப்புபவர் அனுப்பியதற்கான சான்றைக் காட்டினாலே பணத்தைத் தர வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. மியான்மரில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019 மார்ச்சில் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழான புகார்களை வணிக அமைச்சகத்தின் நுகர்வோர் விவகாரத் துறை கவனிக்கிறது.