தைப்பவர் 'ஹெல்பர்' அல்லர்: தோல் வேலையின் கருவிகளும் திறன்களும் சட்டமும்

ஆம்பூர் வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பல்லாண்டுகள் பணியாற்றிய பெண் தொழிலாளர் ஒருவரின் ஊதிய வழக்கை நான் நடத்தினேன். அவர் இயக்கியது 'போஸ்ட் பெட்' எனப்படும் தையல் இயந்திரம். ஊதியச் சீட்டிலோ அவருடைய பணி 'ஹெல்பர்' என்றிருந்தது. "மெஷினில் தைப்பதில் என்ன தனித்திறன்?" என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கேட்டார். அந்தத் தொழிலாளருக்கு விடை தெரியும். அதைச் சட்டத்தின் மொழியில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. அன்று எனக்கு அந்த விடை தெரியவில்லை.

தோல் தொழிலாளர் உரிமை பற்றிப் பேசும் நம்மில் பலருக்கும் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது தெரியாது. பெயர் சொல்லத் தெரியாத திறனுக்குக் கூலி கேட்க இயலாது. எனவே, தோல் காலணியாகும் வழியையும் அந்த வழியில் சட்டம் எங்கே நுழைகிறது என்பதையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பாலாற்றங்கரையில் ஒரு தொழில்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் பாலாற்றுப் படுகையை ஒட்டிய தோல் தொழில் மையங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் இவை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்ட தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக நெடுங்காலம் ஏற்றுமதியானது. 1970களில் ஒன்றிய அரசு பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கப்பட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அதன்பின் இவ்வட்டாரத்தில் 'ஷூ கம்பெனிகள்' பெருகின. பெண்கள் பெருந்தொகையாகத் தையல் கூடங்களுக்குள் வந்தனர்.

பதனிடும் ஆலையின் ஈர வேலையைத் தலித் மக்களும், காலணித் தையலைத் தலித், இசுலாமிய, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பெண்களும் செய்துவருகின்றனர். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தவர்கள் முதல் பகுதியை அறிவார்கள். இரண்டாம் பகுதி இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை.

பதனிடுதல்

உப்பிட்டு வரும் தோல் முதலில் நீரில் ஊறவைக்கப்படுகிறது. பின்னர் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் இடப்பட, மயிர் கழன்றுவிடுகிறது. உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையை நீக்குவது அடுத்த பணி. முன்பு சாய்வான மரக்கட்டையின்மேல் தோலை விரித்து, இருபுறமும் கைப்பிடி கொண்ட வளைந்த கத்தியால் சீவினர். இன்று சுருள் அலகுகள் பொருத்திய உருளை இயந்திரம் அதைச் செய்கிறது. ஈரத் தோல் வழுக்கும். அதை உருளைக்குள் செலுத்துபவர் விரல்களின் தொலைவைக் கணந்தோறும் கணிக்க வேண்டும்.

அடுத்து உப்பும் அமிலமும் சேர்த்து ஊறவைத்து, சுழலும் மரப்பீப்பாயில் குரோமியம் சல்பேட்டால் பதனிடுகின்றனர். வெளிவரும் ஈரமான நீலநிறத் தோலுக்கு 'வெட் புளூ' என்று பெயர். அதன் கனத்தைச் சீராக்கி, சாயமும் எண்ணெய்ப் பசையும் ஏற்றி, உலர்த்தி, மெருகேற்றினால் காலணிக்குரிய தோல் கிடைக்கும்.

சல்பைடு கலந்த கழிவு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். செறிவு மிகும்போது மூக்கு அதன் வாடையை உணரும் ஆற்றலை இழந்துவிடும். எனவே 'வாடை இல்லை' என்று நம்பித் தொட்டிக்குள் இறங்குபவர் மயங்கி விழுகிறார், காப்பாற்ற இறங்குபவரும் விழுகிறார். தொட்டி மரணங்களை 'எதிர்பாராத விபத்து' என்று எழுதும் முதல் தகவல் அறிக்கைகளை மறுக்க இந்த வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். குரோமியத்தால் தோலில் ஏற்படும் புண்ணும் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாகச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டுள்ளது.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலிருந்த தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். ஆபத்தான வேலைக்கு உரியவர்களாக இப்போது புலம்பெயர்ந்தோரும் சேர்க்கப்பட்டுவிட்டனர்.

வெட்டுதலும் சீவுதலும்

துணியைப் போல் தோலை அடுக்கி வைத்து ஒரே வெட்டாக வெட்ட இயலாது. ஒவ்வொரு தோலிலும் தழும்பு, உண்ணிக்கடி, நரம்புக்கோடு ஆகியன வெவ்வேறு இடங்களில் இருக்கும். முதுகுப் பகுதி இறுக்கமானது. வயிற்றுப் பகுதி இழுபடும். எந்தத் திசையில் எவ்வளவு இழுபடும் என்பதைக் கையால் இழுத்தறிந்து, எஃகு வார்ப்பைப் பொருத்தி, அழுத்து இயந்திரத்தை இறக்குபவரே 'கட்டர்'. ஒரு தோலில் எத்தனை ஜோடி தேறும் என்பது அவருடைய கண்ணைப் பொறுத்தது.

வெட்டிய துண்டுகளின் விளிம்பைச் சீவி மெலிதாக்குவது 'ஸ்கைவிங்'. செருப்புத் தைப்பவர் தட்டைக் கத்தியால் கல்லின்மேல் வைத்துச் செய்யும் அதே வேலையைத் தொழிற்சாலையில் மணி வடிவச் சுழல்கத்தி செய்கிறது. சீவல் குறைந்தால் மடிப்பு தடித்துக் காலை உறுத்தும். மிகுந்தால் தையலில் கிழியும். கனத்தை விரல் நுனியால் உணர்ந்து கத்தியைத் திருத்துபவர் பெரும்பாலும் ஒரு பெண்.

தையல்

தோல் தையலின் அடிப்படை விதி ஒன்றே: ஊசி இட்ட துளை மறையாது. துணி தைக்கும் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு நுழைகிறது; தோல் ஊசியின் முனை கத்தியைப் போல் வெட்டிக்கொண்டு நுழைகிறது. பிரித்துத் தைத்தால் பழைய துளைகள் தெரியும். அந்தத் துண்டு வீண். தையல்கள் மிக நெருக்கமானால், அஞ்சல் தலையின் ஓரத்தைப் போல் தோல் அக்கோட்டில் கிழிந்துவிடும். விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் கோடு விலகாமல் ஓட வேண்டும்.

இயந்திரங்கள் மூவகை. தட்டையான மேடையுள்ள 'பிளாட் பெட்', சமதளத் துண்டுகளை இணைப்பதற்கு உரியது. 'போஸ்ட் பெட்' இயந்திரத்தில் தையல் மேடை ஒரு தூணின் உச்சியில் இருக்கும். காலணியின் மேற்பகுதி குழிந்த வடிவம் பெற்ற பின் அதைத் தட்டை மேடையில் வைக்க முடியாது. தூணைச் சுற்றித் திருப்பியே தைக்க வேண்டும். ஒரு கை தோலைத் திருப்ப, மறு கை விளிம்பைப் பிடிக்க, கால் வேகத்தைக் கட்டுப்படுத்தும். உருளைக் கை கொண்ட மூன்றாம் வகை, பை போன்ற குழல் வடிவப் பொருள்களுக்கு உதவுகிறது.

அந்த வழக்கில் என்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு விடை இதுதான். பிழை பொறுக்காத பொருளில், முப்பரிமாண வடிவத்தை, கைகளும் காலும் ஒருங்கே இயங்கத் தைப்பது பல மாதப் பயிற்சியால் வருவது. அதை 'உதவி' என்று அழைப்பது கூலியைக் குறைப்பதற்கான வழி.

இயந்திரம் செய்யாத தையலும் உண்டு. 'மொக்காசின்' வகைக் காலணியின் முன்பகுதியைச் சுருக்கி இணைக்கும் கைத்தையல், ஆம்பூர் வட்டாரத்தில் வீடுகளுக்கு அனுப்பப்படுகிறது. இடைத்தரகர் துண்டுகளைக் கொடுப்பார். பெண்கள் ஊசியால் இழுத்திழுத்துத் தைப்பார்கள். விரலில் வெட்டு, முதுகுவலி, கண்சோர்வு. 2016இல் வெளியான கள ஆய்வு ஒன்று, ஒரு ஜோடிக்கு 10 ரூபாய்க்கும் குறைவாகவே இவர்களுக்குக் கிடைத்ததைப் பதிவு செய்தது.

அச்சேற்றுதல்

தைத்த மேற்பகுதியைக் காலடி வடிவ அச்சின்மேல் இழுத்துப் பொருத்துவது 'லாஸ்டிங்'. கறுப்பினத் தொழிலாளி ஒருவரின் கதை இதில் அடங்கியிருக்கிறது. சுரிநாமில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்த யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர், அமெரிக்காவின் லின் நகரக் காலணி ஆலையில் வேலை செய்தார். கைவினைஞர் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 50 ஜோடிகளே அச்சேற்ற முடிந்த காலம் அது. அந்த விரலசைவுகளை இயந்திரத்தால் செய்ய இயலாது என்றே பலரும் நம்பினர். மாட்செலிகர் அவ்வசைவுகளைக் கூர்ந்து கவனித்து, 1883இல் அச்சேற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது பலநூறு ஜோடிகளைச் செய்தது. 1889இல் காசநோயால் அவர் இறந்தபோது வயது 36. இலாபத்தின் பெரும்பகுதி முதலீட்டாளர்களுக்கே சென்றது. உழைப்பவரின் கையில் இருக்கும் அறிவு யாருடைய சொத்தாகிறது என்ற வினா ஆம்பூருக்கும் பொருந்தும்.

சட்டம் எங்கே நுழைகிறது

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தோல் பதனிடுதலையும் தோல் பொருள் உற்பத்தியையும் தன் அட்டவணையில் தொடக்கத்திலேயே சேர்த்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, தேர்ச்சியற்ற, ஓரளவு தேர்ச்சி பெற்ற, தேர்ச்சி பெற்ற, மிகுந்த தேர்ச்சி பெற்ற என்னும் வகைப்பாட்டை ஊதிய நிர்ணயத்தின் முதன்மை அளவுகோல்களில் ஒன்றாக வைத்துள்ளது. ஆகவே பணியின் பெயர் ஊதியத்தையே மாற்றுகிறது.

துண்டு வேலைக்குத் தனி விகிதம் நிர்ணயிக்கப்படாவிட்டால், கால அளவிலான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்ற விதி பழைய சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் உள்ளது. ஆனால் பழைய சட்டம் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் வெளிப்பணியாளரை, அதாவது பொருளைப் பெற்று வீட்டில் செய்து தருபவரை, வெளிப்படையாகவே சேர்த்திருந்தது. புதிய தொகுப்பின் வரையறையில் அச்சொல் இல்லை. வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்கு இது பெரிய இழப்பு. வீட்டுப்பணி பற்றிய 1996ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையையும் (எண் 177) இந்தியா ஏற்கவில்லை.

இங்கே நமக்கு உதவுவது, தையல் கடை ஒன்றைப் பற்றிய 'சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இல் அளித்த தீர்ப்பு. துண்டுக்கூலி பெற்றவர்களும், சில வேளைகளில் வேலையை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்களும் ஊழியரே என்று நீதிமன்றம் கூறியது. தைத்ததை நிராகரித்து மீண்டும் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரருக்கு இருந்தது, இயந்திரங்களும் அவருடையவை. இவையே முதலாளி-தொழிலாளி உறவுக்குச் சான்றாயின.

குலத்தொழிலைப் போற்றுவதற்கன்று

திறனைப் பற்றிப் பேசுவது, மக்களைச் சாதித் தொழிலில் கட்டிப்போடும் பேச்சாக மாறிவிடக் கூடாது. இறந்த கால்நடைகளை அப்புறப்படுத்தும் இழிவைக் கைவிடுமாறு அண்ணல் அம்பேத்கர் தம் மக்களை அழைத்தார். அந்த அழைப்பு இன்றும் செல்லும். இத்தொழிலை விட்டு வெளியேறும் உரிமையும், இதில் இருக்கும்வரை திறனுக்குரிய ஊதியம் பெறும் உரிமையும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. தோலைத் தொடுவது தீட்டு என்ற சாதியமும், தோலைத் தைப்பது திறனன்று என்ற நிர்வாகமும் ஒரே கையைத்தான் தாழ்த்துகின்றன.

களப்பணிக்குச் செல்லும் தோழர்கள் தொழிலாளரிடம் "என்ன சம்பளம்?" என்ற வினாவோடு நின்றுவிட வேண்டாம். எந்த இயந்திரம், காலணியின் எந்தப் பகுதி, நாளொன்றுக்கு எத்தனை ஜோடி, கற்றுக்கொள்ள எத்தனை மாதம் ஆயிற்று, இயந்திரமும் நூலும் யாருடையவை, தவறினால் திருப்பி அனுப்புபவர் யார், ஊதியச் சீட்டில் பணியின் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கக் குறிப்பு, நாளை வழக்கு மன்றத்தில் முதல் சான்றாவணம் ஆகும்.