உறுதிமொழியில் விடுபட்டவர்

இரண்டாம் உலகப் போரில் மருத்துவர் சிலர் மனிதரையே சோதனைப் பொருளாக்கினர். அக்கொடுமையின் பின்னணியில், 1948-இல் உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாவில் கூடி, மருத்துவப் பணியில் நுழைவோர்க்கென ஓர் உறுதிமொழியை வகுத்தது. நோயாளியின் நலத்தை முதலில் எண்ணவும் ஆசிரியரை மதிக்கவும் அது பணித்தது. உறுதிமொழி ஏற்கும் இளைஞரின் நலம் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

40-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கட்டுரை, மருத்துவ மாணவருள் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகக் கூறியது. 11 விழுக்காட்டினரிடம் தற்கொலை எண்ணம் தலைகாட்டியிருந்தது. சோர்வுற்றோருள் மனநல மருத்துவரை நாடியோர் 16 விழுக்காட்டினரே. பிறர் நோயைக் கண்டறியக் கற்பவர்கள், தம் நோய்க்கு மருந்து தேடவில்லை.

2017 அக்டோபரில் சிகாகோவில் அச்சங்கம் உறுதிமொழியைத் திருத்தியது. சிறந்த சிகிச்சை அளிக்கும் பொருட்டுத் தம் நலத்தையும் பேணுவதாக மருத்துவர் இன்று உறுதி கூறுகிறார். இந்த ஒரு வாக்கியம் இடம்பெற 69 ஆண்டுகள் ஆயின.

ஆயினும், அது சுமையை மாணவர் தோள்மீதே வைக்கிறது. “என்னால் இயலவில்லை” என்று அவர் சொல்லும்போது அதை இழிவாகக் கருதாத கல்லூரிக்கும் பெற்றோருக்கும் உறுதிமொழி எதுவும் இன்னும் எழுதப்படவில்லை. அதை நாம் எழுதாமலே ஏற்கலாம்.