மைதானத்தின் பட்டா யார் பெயரில்?

பானிப்பட்டில் கந்தல் கம்பளியைக் கிழித்து மீண்டும் நூலாக்கும் தொழிலின் வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்பவர் எவரும் இறுதியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள பாட்லி என்னும் சிற்றூரில் போய் நிற்க நேரும். ‘ஷாடி’ எனப்படும் அந்தத் தொழில்முறையை 1813 வாக்கில் பெஞ்சமின் லா உருவாக்கியது அங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் ஆலைகளுக்கு சூரத், பரூச் பகுதிகளிலிருந்து குஜராத்தித் தொழிலாளர்கள் சென்று குடியேறினர். பின்பு ஆலைகள் மூடப்பட்டன. தொழில் பெருமளவு பானிப்பட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆலைக்காலத்தின் எச்சமாக அவ்வூரில் இன்றும் உயிரோடு இருப்பவற்றுள் ஒன்று, மவுண்ட் பிளசன்ட் குன்றின்மேல் 1880 முதல் பாட்லி கழகம் ஆடிவரும் ரக்பி மைதானம். ஒரு மூலையை நோக்கிக் கண்ணுக்குத் தெரியும்படி சரியும் ஆடுகளம் அது. 1897இல் முதல் சேலஞ்ச் கோப்பையை வென்றது இந்தக் கழகமே.

பாட்லியைப் போன்ற சிறு கழகங்களைப் பற்றிய எழுத்துகளில் இருவகைக் குரல்கள் அடிக்கடி கேட்கின்றன. பழைய மைதானத்தின் மழைச்சேற்றையும் மரக்கொட்டகையையும் நினைத்து ஏங்கும் குரல் ஒன்று. கழிப்பறை வசதியும் கூரையும் இருக்கையும் கொண்ட நவீன அரங்கமே கழகங்களைக் காப்பாற்றும் என்னும் குரல் மற்றொன்று. இரண்டும் கட்டடத்தைப் பார்க்கின்றன. நிலத்தைப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே நிலத்திற்குப் பங்குண்டு. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடபுலக் கழகங்கள், ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து தனி அமைப்பை உருவாக்கின. சனிக்கிழமை ஆட்டத்திற்காக வேலையை விட்டு வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலிக்கு ஈடு தரலாமா என்பதே வழக்கு. ஈட்டுத்தொகை நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங்கிற்கு மிகாமல் என்று முடிவாயிற்று. அந்த ஆறு ஷில்லிங் எங்கிருந்து வரும்? வாயிற்கதவில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்திலிருந்துதான். கட்டணம் வாங்க வேண்டுமானால் மைதானத்தைச் சுற்றி மதில் வேண்டும். மதிலுக்குள் இருக்கும் நிலம் கழகத்தின் வசம் இருக்க வேண்டும். 1895இன் பிளவை வர்க்கப் பிளவு என்று வரலாற்றாசிரியர் டோனி காலின்ஸ் விரிவாக நிறுவியிருக்கிறார். அந்த வர்க்கப் போராட்டத்தின் பொருளாதார அடித்தளம் ஒரு மதிற்சுவரும் நுழைவாயிலும் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய மைதானங்களைப் புனிதப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. 1954 மே 5 அன்று பிராட்ஃபோர்டின் ஆட்சல் மைதானத்தில் வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் மோதிய கோப்பை மறு இறுதியாட்டத்தைக் காண அதிகாரபூர்வக் கணக்கின்படி 1,02,569 பேர் திரண்டனர். பழைய கற்சுரங்கக் குழியில் நகரின் குப்பையைக் கொட்டி மேடாக்கிய சரிவுகளில் அவர்கள் நின்றார்கள். எவரும் மடியாதது நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். அதே நகரின் வேலி பரேட் மைதானத்திற்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 1985 மே 11 அன்று அங்கே மர அரங்கில் பற்றிய தீயில் 56 பேர் இறந்தனர். அது கால்பந்து மைதானமாயிற்றே எனலாம். ஆனால் அதன் முதல் உரிமைக் கழகம் மேனிங்ஹாம். 1895இல் பிரிந்த ரக்பிக் கழகங்களுள் ஒன்று. 1903இல் கால்பந்துக்கு மாறித்தான் அது பிராட்ஃபோர்ட் சிட்டி ஆயிற்று. அந்தத் தீக்குப்பின் வந்த 1987ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் வடபுல ரக்பி மைதானங்களையும் கட்டுப்படுத்தியது. மர அரங்குகள் பல மூடப்பட்டன, அனுமதிக்கப்பட்ட கூட்டத்தின் அளவு குறைக்கப்பட்டது, பழுதுபார்க்கும் செலவு சிறு கழகங்களின் தலையில் விழுந்தது. எல்லோருக்கும் இருக்கை என்ற ஹில்ஸ்பரோவுக்குப் பிந்தைய கட்டாயம் கால்பந்துக்கு மட்டுமே உரியது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். ரக்பி லீக் நின்றுகொண்டே பார்க்கலாம். ஆகவே ‘சட்டம்தான் பழைய மைதானங்களைக் கொன்றது’ என்ற பரவலான கூற்று பாதி உண்மையே.

மீதிப் பாதி கடன். ஒரு சிறு கழகத்தின் கணக்கேட்டில் சொத்து என்று எழுதத்தக்கது பெரும்பாலும் மைதானம் ஒன்றுதான். அதை ஒருமுறைதான் விற்க முடியும். ஒரே பருவத்தில் நான்கு கோப்பைகளையும் வென்ற முதல் கழகம் ஹன்ஸ்லெட். 1907–08இல் அது நிகழ்ந்தது. அதன் பார்க்சைட் மைதானம் விற்கப்பட்டு 1973இல் கழகமே கலைக்கப்பட்டது. ‘நியூ ஹன்ஸ்லெட்’ என்ற பெயரில் நாய்ப்பந்தய அரங்கொன்றில் மறுபிறவி எடுத்தது. ஓல்டமின் வாட்டர்ஷெடிங்ஸ் 1997இல் கைவிடப்பட்டது. இப்போது அங்கே வீடுகள். ஹாலிஃபாக்ஸின் த்ரம் ஹால் ‘ஆஸ்டா’ பேரங்காடியாயிற்று. விகனின் சென்ட்ரல் பார்க் ‘டெஸ்கோ’வாயிற்று. இதில் 1995இல் ரூப்பர்ட் மர்டாக்கின் நிறுவனம் அறிவித்த 87 மில்லியன் பவுண்டு ஒளிபரப்புப் பணத்திற்கும் பங்குண்டு. முழுநேர ஆட்டக்காரர்கள், பெருகிய சம்பளம், மேல்தட்டில் இடம்பிடிக்கும் பந்தயம் என்று செலவு ஓடியது. வருமானம் பின்னால் நடந்து வந்தது.

இவற்றுள் ஸ்வின்டனின் கதை என்னை அதிகம் உறுத்துகிறது. 1927–28இல் நான்கு கோப்பைகளையும் வென்று, மறு ஆண்டில் ஸ்டேஷன் ரோடு மைதானத்தைத் திறந்த கழகம் அது. சர்வதேச ஆட்டங்களும் நடந்த களம். 1992இல் கடனுக்காக அதை விற்று, அண்டை ஊரான பரியின் கால்பந்து மைதானத்தில் வாடகைக்குக் குடியேறினார்கள். அதன்பின் ஊர் ஊராக இடம்பெயர்வு. சொந்த ஊரில் ஆட அவர்களுக்கு இடமில்லை. 2019இல் கழக நிர்வாகம் பெயரையே ‘மான்செஸ்டர் லயன்ஸ்’ என மாற்ற முனைந்தது. எதிர்ப்பு வலுத்ததால் கைவிட்டது. நிலம் போய் முப்பதாண்டு ஆகுமுன் பெயரும் போகப் பார்த்தது.

புதிய அரங்கங்கள் எல்லாமே பொறி என்று நான் சொல்லவில்லை. லீ கழகம் ஹில்டன் பார்க்கை விட்டு நகராட்சியின் விளையாட்டு வளாகத்திற்குச் சென்றது. 2023இல் சேலஞ்ச் கோப்பையை வென்றது. 2004இல் வாரிங்டனுக்காக எழுந்த அரங்கம் ரக்பி லீகை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது, நின்று பார்க்கும் படிமேடைகளோடு. ஆனால் சால்ஃபோர்டைப் பாருங்கள். 2012இல் தன் பழைய ‘வில்லோஸ்’ மைதானத்தை விட்டு, நகராட்சிக்கும் ஒரு நில நிறுவனத்திற்கும் கூட்டுச் சொத்தான அரங்கிற்குக் குடிபோனது. உடன் குடித்தனம் இருக்க வந்தது சேல் ஷார்க்ஸ் என்னும் ரக்பி யூனியன் அணி. 1895இல் வெளிநடப்புச் செய்தவர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். சொந்த மைதானத்தில் நுழைவுக் கட்டணத்தோடு மதுக்கூடமும் விளம்பரப் பலகையும் ஆட்டமில்லாத நாளின் திருமண விருந்தும் கழகத்துக்கே வருமானம். வாடகைதாரருக்கோ அவை ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் பேரம்பேசிப் பெற வேண்டியவை.

வேக்ஃபீல்டில் இந்தச் சிக்கலின் சட்ட நுணுக்கமே வெளிப்பட்டது. டிரினிட்டி கழகம் 1870களின் இறுதி முதல் ஆடும் பெல் வூ மைதானத்தை, டேவிட் ஸ்டோரியின் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’ (1963) படத்தில் காணலாம். கழகம் அதன் உரிமையை இழந்து வாடகைக்கு ஆடிய காலத்தில், நியூமார்க்கெட் என்ற இடத்தில் கிடங்குகளோடு புதிய அரங்கமும் கட்டும் திட்டத்திற்கு 2012 டிசம்பரில் அரசு ஒப்புதல் கிடைத்தது. பசுமை வளையத்தில் கட்ட அனுமதி கிடைத்ததற்கு அந்த அரங்கமே முக்கிய நியாயம். ஆயினும் அந்த அனுமதியின் கீழ் குறிப்பிட்ட பரப்புக்குக் கிடங்குகள் எழுந்த பின்னரே அரங்கம் கட்டும் கடமை பிறக்கும் என்றிருந்தது. பெரிய குளிர்பதனக் கிடங்கு வேறொரு தனி விண்ணப்பத்தில் அனுமதி பெற்று எழுந்தது. கணக்கில் அது சேரவில்லை, கடமை பிறக்கவில்லை, அரங்கம் வரவேயில்லை. இறுதியில் நகராட்சியின் துணையோடு கழகம் பழைய பெல் வூவிலேயே வேரூன்றியது. 2024இல் அங்கே புதிய கிழக்கு அரங்கு திறக்கப்பட்டது.

இப்போது கழகங்களைத் தரப்படுத்தும் ஐஎம்ஜி முறையில் மொத்தம் 20 புள்ளிகளுள் 3 விளையாட்டரங்கத்துக்கு உரியவை. பெரிய மின்திரைக்கும் அதில் புள்ளி உண்டு. சிறு ஊர்க் கழகங்களும் புள்ளிக்காகத் திரை நிறுவின. ஃபெதர்ஸ்டோன் கழகமோ சில ஆண்டுகளுக்கு முன்பே, மடிந்துபோன ஸ்கார்பரோ கால்பந்துக் கழகத்தின் அரங்குகளை விலைக்கு வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து தன் மைதானத்தில் நிறுத்தியிருந்தது. கந்தலிலிருந்து நூல் எடுத்த வட்டாரத்திற்குப் பொருத்தமான வேலை.

பாட்லியின் குன்றுக்கு மீண்டும் வருவோம். சரிவுதான் பேரங்காடிக்காரர்களிடமிருந்து அதைக் காப்பாற்றியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் த்ரம் ஹாலும் பேர்பெற்ற சரிவு மைதானமே. அங்கே தரையைச் சமன்படுத்திக் கடை கட்டிவிட்டார்கள். மவுண்ட் பிளசன்டில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பாதி மேல்நோக்கியும் மறு பாதி கீழ்நோக்கியும்.