எல்லை தாண்டும் கைத்துப்பாக்கி

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவன் தன் பழைய கடிகாரத்தையோ மிதிவண்டியையோ பக்கத்து இராஜ்யத்திலிருக்கும் தன் தமையனுக்கு விற்பானாயின், அதைக் கேட்பார் எவருமிலர். அதே மனிதன் தன் கைத்துப்பாக்கியை, சட்டம் தடுப்பதை அறிந்திருந்தும், அவ்வாறே நேரில் கொடுத்துக் காசு வாங்குவானாயின், ஐந்தாண்டுவரை சிறைவாசம் அநுபவிக்கத் தக்க குற்றவாளியாகின்றான். விற்பவன் யோக்கியன், வாங்குபவனும் யோக்கியன், இருவருக்கும் இடையே ஒரு பாலமோ ஒரு தெருவோதான் எல்லையாயிருக்கலாம். ஆயினும் குற்றம் குற்றமே. துப்பாக்கி மலிந்த நாடென்று உலகறிந்த அந்நாட்டில் இப்படியும் ஒரு விதி உண்டோ என்று நம் நேயர்கள் வியக்கக்கூடும். உரிமச் சீட்டின்றி ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் பெருங்குற்றமாகும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு அவ்வியப்பு இயல்பேயாம். அவ்விதி பிறந்த வரலாற்றை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

அந்நாடு பல இராஜ்யங்களின் கூட்டு. ஆயுதம் தாங்கும் உரிமையைக் கூறும் இரண்டாவது திருத்தம் 1791-ஆம் ஆண்டு அரசியற் சட்டத்தில் ஏறியது. குடிகளின் அன்றாட வாழ்வை ஆளும் சட்டங்களை அந்தந்த இராஜ்யமே இயற்றிக்கொள்ளும். இராஜ்யங்களுக்கிடையே நடக்கும் வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமோ மத்திய காங்கிரஸ் சபைக்கு உரியது. வீட்டினுள் நடப்பதை வீட்டுக்காரன் பார்த்துக்கொள்வான்; வாசற்படியைத் தாண்டினால் ஊர்ச்சபை வந்து நிற்கும். மத்திய சட்டம் எப்போதும் எல்லைக்கோட்டில் போய் நிற்பதன் காரணம் இதுவே.

நியூயார்க் இராஜ்யம் 1911-ஆம் ஆண்டிலேயே சல்லிவன் சட்டத்தை இயற்றி, மறைத்து வைக்கத்தக்க துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டுமென்றது. ஆனால் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வெளி இராஜ்யக் கடைக்குப் பணம் அனுப்பினால் தபாற்காரனே துப்பாக்கியைக் கொணர்ந்து கொடுத்துவிடுவான். ஓர் இராஜ்யத்தின் கட்டுப்பாட்டை மற்றோர் இராஜ்யத்தின் கடைக்காரன் வெறும் காகிதமாக்கினான். இதைத் தடுக்க 1927-ஆம் ஆண்டு காங்கிரஸ் ஒரு சட்டம் செய்து, கைத்துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்பலாகாது என்றது. செய்தவர்கள் தபால் இலாகாவை மட்டுமே தடுத்தார்கள். தனியார் பார்சல் கம்பெனிகளைத் தடுத்தாரில்லை. முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்துவைத்த இச்சட்டத்தால் கடைக்காரர்களுக்கு நேர்ந்த நஷ்டம் வண்டியை மாற்றியதொன்றே.

1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் முதல் நகலில் கைத்துப்பாக்கியும் சேர்க்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அது நீக்கப்பட்டு, இயந்திரத் துப்பாக்கி முதலியவற்றிற்கு மட்டும் 200 டாலர் வரி விதிக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டின் சட்டம் வியாபாரிகளுக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டணத்தில் லைசென்சு கொடுத்தது. குற்றவாளியென்று தெரிந்தே விற்றாலன்றிக் குற்றமில்லை என்றும் அது கூறியது. தெரியாதென்று சொல்லும் வியாபாரியை எந்தக் கோர்ட்டு என் செய்யும்?

நிற்க. 1961-ஆம் ஆண்டு முதல் கனெக்டிகட் இராஜ்யத்தின் செனட்டர் தாமஸ் டாட் என்பவர், தபால்வழித் துப்பாக்கி வியாபாரத்தைப் பற்றி விசாரணை நடத்திவந்தார். அவருடைய இராஜ்யம் துப்பாக்கித் தொழிற்சாலைகளுக்குப் பேர்போனது என்பதையும் குறிப்பிடவேண்டும். அவர் 1963 ஆகஸ்டில் கைத்துப்பாக்கி பற்றிய ஒரு மசோதாவைச் செனட் சபையில் கொணர்ந்தார். அது உறங்கிக்கிடந்தது. அவ்வாண்டு நவம்பர் 22-ஆம் நாள் டல்லஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆஸ்வால்ட் கைக்குத் துப்பாக்கிகள் வந்த வகையை நேயர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஹிடல் என்னும் பொய்ப்பெயரில் சிக்காகோ கடையொன்றுக்குத் தபாற்செலவுடன் 21 டாலர் 45 சென்ட் அனுப்பினான். தொலைநோக்குக் கண்ணாடி பொருத்திய நெடுந்துப்பாக்கி டல்லஸ் தபாற்பெட்டிக்கு வந்து சேர்ந்தது. நெடுந்துப்பாக்கியை 1927-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கவில்லை. அதே பொய்ப்பெயரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கடையிலிருந்து 29 டாலர் 95 சென்ட் விலையுள்ள ரிவால்வர் ஒன்றையும் வரவழைத்தான். அது தபாலில் வரவில்லை; இரயில்வே பார்சல் கம்பெனி வழியாக வந்தது. அன்று பிற்பகல் போலீஸ்காரர் டிப்பிட் மாண்டது இந்த ரிவால்வராலேயே. முப்பத்தாறு ஆண்டுகளாகத் திறந்துகிடந்த அந்தப் பின்வாசல் வழியாகத்தான் அது நுழைந்தது.

இவ்வளவு நேர்ந்தபின்னும் சட்டம் பிறக்க ஐந்தாண்டு பிடித்தது என்பது வருந்தத்தக்கது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டார். ஜூன் மாதம் ராபர்ட் கென்னடி கொலையுண்டார். ஜூன் 19-ஆம் நாள் கையொப்பமான சட்டம் இராஜ்யங்களுக்கிடையே கைத்துப்பாக்கி விற்பதைக் கட்டுப்படுத்தியது. அக்டோபர் 22-ஆம் நாள் ஜனாதிபதி ஜான்சன் ஒப்பமிட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுந்துப்பாக்கிகளையும் சேர்த்துக்கொண்டது. உண்மையை மறைக்காமல் ஒன்று கூறுவோம்: ராபர்ட் கென்னடியைக் கொன்ற ரிவால்வர் எல்லை தாண்டி வந்ததன்று, கலிபோர்னியாவிற்குள்ளேயே தனியார் கைகளில் மாறி மாறி வந்தது. அவர் சாவினால் விரைந்த சட்டம் அவர் சாவைத் தடுத்திருக்காது.

அச்சட்டத்தின் சாரம் எளிது. லைசென்சு இல்லாத ஒருவன், வேறு இராஜ்யவாசி என்று தனக்குத் தெரிந்த, அல்லது தெரிந்துகொள்ளக் காரணமுள்ள மற்றொருவனுக்குத் துப்பாக்கியை விற்கவோ கொடுக்கவோ கூடாது. இனாமாகக் கொடுத்தாலும் தடையே. வாங்கியவன் அதைத் தன் இராஜ்யத்திற்குக் கொண்டுபோவதும் தனிக் குற்றம். ஆதலின் விற்பவன் அதை வாங்குபவனுடைய இராஜ்யத்தில் லைசென்சு பெற்ற வியாபாரியிடம் சேர்ப்பிக்க வேண்டும். வியாபாரி தன் பேரேட்டில் பதிவான். வாங்குபவன் 4473 என்னும் எண்ணுள்ள படிவத்தை நிரப்புவான். அவன் தகுதியுடையவனா என்று விசாரிக்கப்படும். பின்னரே ஆயுதம் கைமாறும். விசாரணையைக் கொணர்ந்தது 1993-ஆம் ஆண்டின் பிராடி சட்டம். 1981-ஆம் ஆண்டு ஜனாதிபதி ரீகன் சுடப்பட்டபோது தலையில் குண்டு பாய்ந்து முடமான செய்திச் செயலர் பிராடியின் பெயரே அதற்கு இடப்பட்டது. தேசிய உடனடி விசாரணை முறை 1998 நவம்பர் 30-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தந்தை இறந்து உயிலின் மூலமோ வாரிசு முறையிலோ வரும் துப்பாக்கியை மட்டும், அதை வைத்திருக்கத் தன் இராஜ்யச் சட்டம் இடங்கொடுக்குமாயின், மகன் எல்லை தாண்டிக் கொண்டுவரலாம். உயிரோடிருக்கும் தந்தை நேரே கொடுத்தால் குற்றம். இறந்த தந்தை விட்டுச்சென்றால் குற்றமில்லை!

எல்லா விதிகளையும் காத்தும் அகப்பட்டவர் உண்டு. வர்ஜீனியாவில் முன்பு போலீஸில் இருந்த ஒருவர், பென்சில்வேனியாவிலிருந்த தம் மாமனுக்காக 2009-ஆம் ஆண்டு ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். (ஆங்கிலச் சொல் மாமனா சிற்றப்பனா என்பதைக் காட்டாது, நாம் மாமன் என்றே கொண்டோம்.) போலீஸாருக்குரிய சலுகை விலை கிடைக்கும் என்பதே நோக்கம். மாமன் 400 டாலருக்குச் செக்கு அனுப்பினார். மருமகன் எல்லை விதியைப் பிசகாமல் பென்சில்வேனியா வியாபாரி மூலமே ஒப்படைத்தார்; மாமனும் தகுதியுடையவரே. ஆனால் முதலில் வாங்கும்போது படிவத்தில், உண்மையாக வாங்குபவன் நானே என்று குறியிட்டிருந்தார். அது பொய் என்று வழக்காயிற்று. 2014-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவர் குற்றவாளியே என்றது. பிறருக்காக முகங்காட்டி வாங்குவதை அநுமதித்தால் விசாரணை முழுதும் வீண் என்பது பெரும்பான்மையோர் வாதம். நமக்கு அவ்வாதம் சரியென்றே படுகின்றது. ஆயினும் அந்த மருமகனிடம் இரக்கமும் எழுகின்றது.

நம் மனத்தில் உறுத்துவது வேறொன்று. ஒரே இராஜ்யத்தில் வாழும் இரு தனியார் தம்முள் விற்றுக்கொண்டால் மத்திய சட்டம் விசாரணை எதுவும் கேட்பதில்லை. கலிபோர்னியா 1991-ஆம் ஆண்டு முதல் அதையும் வியாபாரி வழியே நடத்தச் செய்தது, வேறு சில இராஜ்யங்களும் பின்பற்றின, மற்றவை வாளாவிருக்கின்றன. 2022-ஆம் ஆண்டின் சட்டம், முகங்காட்டி வாங்குவதற்கும் துப்பாக்கி கடத்துவதற்கும் பதினைந்தாண்டுவரை சிறை என்றது. தனியார் விற்பனையில் அது கை வைக்கவில்லை.

எல்லை விதியையே ஒழிக்கவும் முயன்றனர். தலைநகர் வாஷிங்டனில் வாழ்ந்த தம்பதிகள் டெக்ஸாஸ் வியாபாரி ஒருவரிடம் இரண்டு கைத்துப்பாக்கிகளை நேரே வாங்க விரும்பி, அவருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 2015-ஆம் ஆண்டு கீழ்க் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-ஆம் ஆண்டு மேல் கோர்ட்டு அதை மாற்றியது. 2020 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு அவ்வழக்கைக் கேட்கவே மறுத்துவிட்டது. அத்தம்பதிகளுக்குத் தலைநகர் வியாபாரிக்குக் கட்டணம் செலுத்தி அவர் கையால் பெறும் வழியே எஞ்சியது.