யுரேனியச் சாலைகளில் எழுந்த விழாக்கள்: மோவாப் பாலைநிலத்தின் வரலாறு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கில், செம்பாறை மதில்களைக் கடந்து கொலராடோ ஆறு சிறியதொரு பள்ளத்தாக்கில் நுழையும் இடத்தில் மோவாப் என்னும் ஊர் அமைந்துள்ளது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில் ஆண்டு மழை 25 சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கோடை வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். ஆயினும் கிழக்கே 3,800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் லா சால் மலைகளில் வசந்தகாலத்திலும் பனி படிந்திருக்கும். ஐயாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் இந்தச் சிற்றூர் மலைமிதிவண்டி விழாக்களுக்கும், தார்ச்சாலையைத் தவிர்த்து மண்தடத்திலும் பாறையிலும் ஓடும் பாதையோட்டப் போட்டிகளுக்கும் உலகறிந்த களமாக விளங்குகிறது. அதற்கு அங்குள்ள நிலக்காட்சியின் அழகை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. சுரங்கத் தொழில் விட்டுச்சென்ற சாலைகளும், பிழைப்பை இழந்த ஊரின் தேவையும், பொதுநிலத்தைப் பகிர்ந்து பேணுவதற்கு மக்கள் மெல்ல மெல்ல உருவாக்கிக்கொண்ட ஏற்பாடுகளும் ஒன்றுசேர்ந்தே இவ்விழாக்களைத் தோற்றுவித்தன.

இந்நிலத்தின் அடித்தளம் நவாஹோ மணற்கல் எனப்படும் பாறையடுக்கு ஆகும். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் பரந்து கிடந்த மணற்குன்றுகள் புதைந்து இறுகிக் கல்லானதால், அலையலையாக ஏறி இறங்கும் வழவழப்பான மேடுகள் இன்றும் குன்றுகளின் வடிவிலேயே நிற்கின்றன. யூட் பழங்குடியினர் நெடுங்காலமாக வாழ்ந்த இப்பகுதியில், நியூ மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சென்ற பழைய ஸ்பானியத் தடம் கொலராடோ ஆற்றைக் கடந்தது. 1855இல் மோர்மன் சமயத்தார் இங்கே குடியேற முயன்று, யூட் மக்களுடன் ஏற்பட்ட மோதலால் அதே ஆண்டில் பின்வாங்கினர். 1870களின் இறுதியில் வந்தவர்களே நிலைத்துத் தங்கிக் கால்நடை வளர்ப்பிலும் பழத்தோட்டங்களிலும் ஈடுபட்டனர். லாடம் அடித்த குதிரைகளின் கால்களும் இரும்புப் பட்டையிட்ட வண்டிச் சக்கரங்களும் இப்பாறையில் வழுக்கின என்பதால், அன்றைய மக்கள் அதைப் பயனற்ற நிலமாகக் கருதி விலகிச் சென்றனர்.

இந்த நிலை இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாறியது. அணு ஆயுதங்களுக்கு யுரேனியம் தேவைப்பட்டதால், அமெரிக்க அணுசக்தி ஆணையம் அத்தாதுவுக்கு உறுதியான கொள்முதல் விலையை அறிவித்ததோடு, தாது தேடுவோர் செல்வதற்குரிய சாலைகளை அமைக்கவும் பொருளுதவி செய்தது. 1952இல் சார்லி ஸ்டீன் என்னும் நிலவியலாளர் மோவாபுக்குத் தெற்கே லிஸ்பன் பள்ளத்தாக்கில் வளமான தாதுப்படிவைக் கண்டறிந்து அதற்கு ‘மி வீடா’ எனப் பெயரிட்டார். 1956இல் ஊரின் எல்லையில், கொலராடோ ஆற்றங்கரையில், தாதுவைப் பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. 1950இல் 1,300க்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 1960இல் 4,600ஐக் கடந்தது. பாறை மேடைகளின் விளிம்புகளிலும் வறண்ட ஓடைப் படுகைகளிலும் இக்காலத்தில்தான் வண்டித்தடங்கள் பரவின. இன்று மிதிவண்டியாளர்கள் பல நாள் பயணமாகச் சுற்றிவரும் 160 கிலோமீட்டர் நீள ‘வெள்ளை விளிம்பு’ச் சாலையும் யுரேனியத்துக்காக வெட்டப்பட்டதே. அச்செல்வத்துக்குரிய விலையை முதலில் செலுத்தியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். காற்றோட்டமற்ற சுரங்கங்களில் கதிரியக்கத்துக்கு ஆளாகி நுரையீரல் புற்றுநோயுற்றோரில் நவாஹோ பழங்குடியினர் பலர் இருந்தனர். அவர்களைப் போன்றோருக்கு இழப்பீடு வழங்கும் கூட்டாட்சிச் சட்டம் 1990இல்தான் நிறைவேறியது.

அரசின் கொள்முதல் நின்று, அணுமின் நிலையங்களின் வளர்ச்சியும் தளர்ந்தபோது யுரேனியத்தின் விலை சரிந்தது. ஆலை 1984இல் மூடப்பட்டது. வேலை தேடிக் குடும்பங்கள் வெளியேறியதால் வீடுகள் வாங்குவோரின்றிப் பூட்டிக் கிடந்தன. 1990ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4,000க்குக் கீழே இறங்கியிருந்தது. இதே காலத்தில், கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய பள்ளத்தாக்கொன்றில் அணுக்கழிவைப் புதைக்கும் திட்டம் கூட்டாட்சி அரசின் பரிசீலனையில் இருந்தது. வேலைவாய்ப்புக்காக அதை வரவேற்றவர்களும் நிலத்தைக் காக்க எதிர்த்தவர்களும் ஊரில் இருந்தனர். அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது; எனினும் இந்த நிலத்தை எதற்காக வைத்திருப்பது என்ற கேள்வியை ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள அது வழிவகுத்தது.

அக்கேள்விக்கான விடைகளுள் ஒன்று பாறையின் மேலேயே வரையப்பட்டிருந்தது. ஊருக்குக் கிழக்கேயுள்ள மணற்கல் மேடுகளில், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்காக 1969இல் ஒரு சுற்றுப்பாதை வகுக்கப்பட்டது. வெறும் பாறையில் வெட்டுவதற்கோ கொத்துவதற்கோ ஏதுமில்லாததால், வெள்ளை வண்ணக் கோடுகளை இடைவெளி விட்டுத் தீட்டி வழி காட்டினர். ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ‘ஸ்லிக்ராக்’ பாதையில் இரும்பு வழுக்கினாலும் ரப்பர் டயர் உறுதியாகப் பற்றிக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மரின் மாவட்டத்து இளைஞர்கள் பழைய தடித்த டயர் மிதிவண்டிகளில் மலைச்சரிவில் இறங்கும் பந்தயங்களை 1976 முதல் நடத்தி, அவ்வண்டிகளுக்குப் பல்பற்சக்கர அமைப்பும் வலுவான தடைகளும் பொருத்தி, மலைமிதிவண்டியை உருவாக்கிக்கொண்டிருந்தனர். 1981இல் அவ்வகை வண்டிகள் தொழிற்சாலைகளில் பெருமளவில் தயாராகிச் சந்தைக்கு வந்தன. சுரங்கத் தொழில் சரிந்துகொண்டிருந்த 1983ஆம் ஆண்டில் பில் கிராஃப், ராபின் கிராஃப் என்னும் சகோதரர்கள் மோவாபில் ‘ரிம் சைக்ளரி’ என்ற மிதிவண்டிக் கடையைத் திறந்தனர். மோட்டார் சைக்கிளுக்கென வரையப்பட்ட பாதையில் மிதிவண்டியும் ஏறும் என்ற செய்தி, மிதிவண்டி இதழ்களின் வழியாக நாடு முழுவதும் பரவத் தொடங்கியது.

1986இல் ‘கேன்யன்லாண்ட்ஸ் தடித்த டயர் விழா’ தொடங்கப்பட்டது. வெயில் தணிந்து இரவுக் குளிர் கடுமையாகாத அக்டோபர் இறுதியில் நடந்த இவ்விழாவில் பந்தயத்தைவிடக் கூட்டுப் பயணத்துக்கே முதன்மை இருந்தது. வழியறிந்தவர் முன்செல்ல, புதியவர்கள் குழுவாகப் பின்தொடர்வது அதன் நடைமுறை. அடையாளங்கள் மிகக் குறைவாகவும் தண்ணீர் அரிதாகவும் உள்ள நிலத்தில், எந்தப் பள்ளத்தாக்கு திரும்பிவரும் வழியுடையது, எந்தத் தடம் செங்குத்துச் சரிவின் விளிம்பில் முடிகிறது என்ற அறிவு அதுவரை மேய்ப்பர்களிடமும் தாது தேடியவர்களிடமும் மட்டுமே இருந்தது. கூட்டுப் பயணங்கள் அவ்வறிவைப் பொதுவாக்கின. இதே 1986இல் பாட்ரிக் பவர் என்னும் பிரெஞ்சுக்காரர் மொராக்கோவின் சகாராவில் ‘மரத்தான் தெ சாப்ல்’ ஓட்டத்தை 23 ஓட்டக்காரர்களுடன் தொடங்கினார். அல்ஜீரியச் சகாராவை 1984இல் தனியே நடந்து கடந்த அவரது அனுபவத்திலிருந்து பிறந்த அந்த ஓட்டம், தேவையானவற்றைத் தோளில் சுமந்து பாலையைக் கடந்துபோகும் பயண மரபைச் சேர்ந்தது. மோவாபின் விழாவோ பாலையில் குடியிருப்போர் தம் நிலத்தை விருந்தினருக்குக் காட்டும் மரபாக வளர்ந்தது.

அடுத்த பத்தாண்டில் விழாக்களின் அளவு பெருகியது. மேற்கு வர்ஜீனியாவில் 1992இல் 24 மணிநேர மலைமிதிவண்டித் தொடர்போட்டியை அறிமுகப்படுத்திய லெய்ர்ட் நைட், அவ்வடிவத்தை 1995இல் மோவாபுக்குக் கொண்டுவந்தார். ஒரு குழுவைச் சேர்ந்தோர் சுற்றுப்பாதையை மாறிமாறி ஓட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் முடிவதற்குள் மிகுதியான சுற்றுகளை நிறைவு செய்வதே போட்டியின் விதி. நள்ளிரவில் தலைவிளக்கின் ஒளியில் மணலையும் பாறைப்படிகளையும் கடக்க வேண்டியிருந்ததால், விரைவைவிடத் தாங்கும் ஆற்றலும் குழுவின் ஒத்துழைப்புமே வெற்றியை முடிவுசெய்தன. தனியாளாக 24 மணிநேரமும் ஓட்டியவர்களும் இருந்தனர். ஊருக்குத் தெற்கேயுள்ள திறந்தவெளியில் ஆண்டுதோறும் கூடாரநகரம் ஒன்றை எழுப்பிய இப்போட்டி 2012 வரை நடந்தது. அரிசோனாவின் டூசான் நகருக்கு வடக்கே, முட்கள்ளிகள் அடர்ந்த சொனோரன் பாலையில் 2000 முதல் நடக்கும் ‘ஓல்ட் பியூப்லோ’ 24 மணிநேரப் போட்டியும் இவ்வடிவத்தின் வழிவந்ததே.

கூட்டம் பெருகியபோது நிலத்தின் மென்மையும் வெளிப்பட்டது. மோவாபைச் சுற்றியுள்ள மண்ணின் மேல் நீலப்பசும் நுண்ணுயிர்கள், பாசிகள், கற்பாசிகள் ஆகியவை இணைந்து உருவாக்கும் உயிர்மேலோடு படர்ந்துள்ளது. கருத்துச் சொரசொரப்பாகத் தோன்றும் இம்மேலோடு மணலைக் காற்று அள்ளிச்செல்லாமல் பிணைக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. பெய்யும் சிறு மழையைத் தாவரங்களுக்காகத் தேக்கிவைக்கிறது. ஒரு காலடியோ ஒரு டயரோ அதை நொறுக்கினால் மீண்டும் வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகின்றன என்பதை, மோவாபில் பணியாற்றிய சூழலியலாளர் ஜெய்ன் பெல்னாப் உள்ளிட்டோரின் ஆய்வுகள் நிறுவின. ஸ்லிக்ராக் பாதை அமைந்த சாண்ட் ஃப்ளாட்ஸ் பகுதியில் கழிப்பறையோ முகாம் எல்லையோ இல்லாத நிலையில், வசந்தகால விடுமுறைகளில் திரண்டவர்கள் விறகுக்காக மரங்களை வெட்டினர், மேலோட்டின் மீது வண்டிகளை ஓட்டினர், கழிவுகளை அப்படியே விட்டுச்சென்றனர். 1993ஆம் ஆண்டின் ஈஸ்டர் விடுமுறையில் சீர்கேடு உச்சத்தை எட்டியது.

அதற்கு ஊர் கண்ட தீர்வு இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க பகுதியாகும். சாண்ட் ஃப்ளாட்ஸ் நிலம் கூட்டாட்சி அரசின் நிலமேலாண்மைப் பணியகத்துக்கு உரியது. ஆனால் அதைப் பராமரிக்கும் ஆட்களும் நிதியும் அப்பணியகத்திடம் இல்லை. ஆகவே மோவாப் அமைந்த கிராண்ட் மாவட்டத்தின் நிர்வாகமும் பணியகமும் 1994இல் கூட்டு ஒப்பந்தம் செய்து, தேசிய சேவைத் திட்டத்தின் இளைஞர்களைக் கொண்டு முகாமிடங்களை வரையறுத்து, வேலியிட்டு, கழிப்பறைகள் அமைத்தன. நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டு, வசூலான தொகை வேறெங்கும் செல்லாமல் அதே நிலத்தின் பராமரிப்புக்கே செலவிடப்பட்டது. பின்னர் மிதிவண்டியாளர், நடைப்பயணிகள், ஓட்டக்காரர், குதிரையேறுவோர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து பாதைகளைத் திட்டமிடும் ‘ட்ரெயில் மிக்ஸ்’ என்னும் மாவட்டக் குழுவும் உருவானது. தன்னார்வலர்கள் கல் அடுக்கி, வண்ணப்புள்ளி இட்டு, மேலோட்டைத் தவிர்த்துச் செல்லும் புதிய தடங்களை அமைத்தனர். விழா நடத்துவோர் பணியகத்தின் அனுமதி பெறுவதும், அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடத்துவதும் கட்டாயமாயின.

இவ்வாறு ஒழுங்குபட்ட தடங்களின் மீதே பாதையோட்டம் வேர்விட்டது. 2017இல் தொடங்கப்பட்ட ‘மோவாப் 240’ ஓட்டம் பாறைப் பள்ளத்தாக்குகளிலும் அபாஹோ, லா சால் மலைகளிலும் ஏறத்தாழ 385 கிலோமீட்டர் செல்கிறது. பகல் வெயிலும் மலையிரவின் உறைகுளிரும் ஒரே ஓட்டத்தில் எதிர்ப்படுகின்றன. முதல் ஆண்டிலேயே கோர்ட்னி டவால்டர் என்னும் பெண் 58 மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஆண்கள் உட்பட அனைவரையும் முந்தி முடித்தார். இரண்டாவதாக வந்த ஆண் பத்து மணிநேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். நீண்ட தொலைவில் உடல்வலிமையைப் போலவே உறக்கத்தையும் உணவையும் மனத்தையும் ஆளும் திறனும் முக்கியம் என்பதை அந்த முடிவு உலகுக்கு உணர்த்தியது. பாலையின் ஆபத்தையும் இவ்வூர் மறந்ததில்லை. 2006 டிசம்பரில் டெனெல் பாலன்ஜி என்னும் புகழ்பெற்ற சாகசப் போட்டியாளர், மோவாபுக்கு அருகே தனியே ஓடும்போது உறைபனி படர்ந்த பாறையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு இரவுகள் குளிரில் கிடந்தார்; அவருடைய நாயே மீட்புக் குழுவினரை அவரிடம் அழைத்துச்சென்றது. யூட்டாவிலேயே மிகுதியான அழைப்புகளை ஏற்கும் குழுக்களுள் ஒன்றான கிராண்ட் மாவட்ட மீட்புக் குழு, உள்ளூர்த் தன்னார்வலர்களின் உழைப்பால் இயங்குவதாகும்.

புதிய தொழில் புதிய சுமைகளையும் கொண்டுவந்தது. விடுதிகளும் விடுமுறை வீடுகளும் பெருகியதால் நிலவிலையும் வாடகையும் உயர்ந்து, விருந்தினருக்குச் சமைப்பவரும் வழிகாட்டுபவரும் ஊருக்குள் வீடு பெற முடியாத நிலை உண்டாயிற்று. புதிய தங்கும் விடுதிகளுக்கு 2019இல் நகரமும் மாவட்டமும் தற்காலிகத் தடை விதித்தன. மறுபுறம், ஸ்லிக்ராக் பாதையின் அடியிலுள்ள நிலத்தை எண்ணெய், எரிவாயுக் குத்தகைக்கு ஏலம்விடும் முன்மொழிவு 2020இல் எழுந்தபோது, கடைக்காரர்களும் மிதிவண்டியாளர்களும் உள்ளாட்சியினரும் ஒருங்கே எதிர்க்க, நிலமேலாண்மைப் பணியகம் அதை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கியது. அணுக்கழிவுத் திட்டத்தின்போது பிளவுபட்டு நின்ற ஊர் இம்முறை ஒருமித்துப் பேசியதற்கு, கால் நூற்றாண்டுக் காலம் அந்நிலத்தைக் கூடிப் பராமரித்த பழக்கமே முதன்மையான காரணம் எனலாம்.

யுரேனிய ஆலை ஆற்றங்கரையில் விட்டுச்சென்ற ஏறத்தாழ 1.6 கோடி டன் கழிவுக் குவியலை அகற்றும் பணியைக் கூட்டாட்சி எரிசக்தித் துறை 2009இல் தொடங்கியது. முப்பதாண்டுகள்கூட இயங்காத ஆலை ஒன்றின் எச்சத்தை அகற்றப் பல ஆண்டுகளும் பெரும் பொதுப்பணமும் தேவைப்பட்டது, நிலத்திலிருந்து எடுப்பவர் அதைப் பேணும் பொறுப்பை ஏற்காதபோது அப்பொறுப்பு பின்வரும் தலைமுறையின் மேல் விழுகிறது என்பதற்குச் சான்றாகும். மிதிவண்டி விழாக்களும் பாதையோட்டங்களும் அவ்வழியில் சென்றுவிடாமல் காத்தவை, கூட்டத்துக்கு எல்லை வகுத்ததும், கட்டணத்தை நிலத்துக்கே திருப்பியதும், உள்ளூர் மக்களைத் திட்டமிடலில் அமர்த்தியதும் ஆகும். அந்த ஏற்பாடுகள் தளராமல் இருக்கும்வரை, அவற்றில் யூட், நவாஹோ மக்களின் குரலுக்கும் இத்தொழிலில் உழைப்பவர்களின் குடியிருப்புத் தேவைக்கும் உரிய இடம் கிடைக்கும்வரை, மோவாபின் விழாக்கள் நிலைபெறுவதற்கு நியாயம் உண்டு. பாலைநிலத்தில் இத்தகைய விழாக்களைத் தொடங்க விரும்பும் பிற ஊர்கள், போட்டியின் வடிவத்துக்கு முன் இந்த ஏற்பாடுகளையே கற்றுக்கொள்ள வேண்டும்.